அக்கா பேசிய ஏழு நிமிடங்கள்

மனிதன் எப்படிப் பேசத் தொடங்கினான் என்று ஒரு மணி நேரம் பேசும்படி உங்களை யாராவது கேட்டால், வயிற்றுவலி என்று சொல்லித் தப்பித்துவிடுங்கள். எனக்கு அன்றைக்கு உண்மையாகவே வயிற்றுவலி இருந்தது. மேடை என்றாலே எனக்கு அது வரும். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே வந்து, கூட்டம் முடிந்து பாயசம் குடித்த பிறகுதான் விடைபெறும். அப்படியும் போனேன். போனதோடு நிற்காமல் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். இந்த இரண்டாவது காரியத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பம்பாய் செம்பூரில் எங்களுக்கு ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது. பெயர்தான் வட்டம்; மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஒரு பள்ளிக்கூட மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளை நேர்வரிசையாகப் போட்டு உட்காருவோம். வருகிறவர்களில் பாதிப் பேர் வங்கியிலும் ரயில்வேயிலும் ஓய்வு பெற்றவர்கள். ஐம்பத்திரண்டு வயதில் நான் அங்கே இளைஞர் அணி. கோட்டைப் பக்கம் ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் பில் போடுகிறவனுக்கு அங்கே என்ன வேலை என்றால், யாராவது கனமாகப் பேசித் தலைகள் ஒவ்வொன்றாகச் சாயும்போது என்னை எழுப்பி ரெண்டு வார்த்தை சொல்லச் சொல்வார்கள். நான் ரெண்டு ஜோக் சொல்வேன். எல்லாரும் விழித்துக்கொள்வார்கள். அதுதான் என் பதவி.

ஒரு மாதக் கூட்டத்தில் பேச வேண்டியவர் வர முடியாமல் போனது. செயலாளர் போன் செய்து, அடுத்த கூட்டம் முழுக்க உம்முடையதுதான், தலைப்பு என்ன என்று கேட்டார். அந்தச் சமயத்தில் என் கையில் மாட்டுங்கா நடைபாதையில் வாங்கிய ஒரு தடித்த புத்தகம் இருந்தது. அதன் பின்னட்டையை மட்டும் படித்திருந்தேன். அந்தத் தைரியத்தில், “மொழி எப்படிப் பிறந்தது?” என்றேன். போனை வைத்த பிறகுதான் முதல் பக்கத்தைத் திறந்தேன்.

மூன்று வாரத்தில் நான்கு புத்தகம் படித்தேன். ஹார்பர் லைனில், கூட்டத்தில், புத்தகத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துப் படித்தால் கழுத்து சுளுக்கும், விஷயம் மட்டும் மேலிருந்து நேராக மண்டைக்குள் இறங்கும் என்று நம்பினேன். கழுத்து சுளுக்கியது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். விஷயம் பிரமாதமாக இருந்தது. மனிதன் முதலில் மிருகங்களின் சத்தத்தைக் காப்பியடித்தான், காக்கை ‘கா’ என்றது, இவனும் ‘கா’ என்று கைகாட்டினான், பெயர் உண்டாகிவிட்டது என்று ஒரு கட்சி. சரி, காக்கைக்குச் சத்தம் இருக்கிறது. கல்லுக்கும் ‘நாளை’ என்பதற்கும் என்ன சத்தம்? இல்லை இல்லை, வலியிலும் சந்தோஷத்திலும் தானாக வந்த கத்தல்தான் சொல்லாயிற்று என்று இன்னொரு கட்சி. இதை நான் ரயிலிலேயே பரிசோதித்தேன். என் காலை ஒருவர் மிதித்தார், நான் ‘ஐயோ’ என்றேன். அவர் காலை இன்னொருவர் மிதித்தார், அவர் ‘ஆயி க’ என்றார். ஒரே மிதி, ஒரே வலி, அவருக்கு மராத்தி, எனக்குத் தமிழ். அப்படியென்றால் கத்தலையும் வீட்டில் கற்றுக்கொண்டுதான் வந்திருக்கிறோம்.

பத்துப் பேர் சேர்ந்து பாரம் தூக்கும்போது வரும் ‘ஹைசா’வில் தொடங்கியது என்கிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தையைக் கீழே விட்டுவிட்டு வேலை பார்த்த தாய், கையால் தட்ட முடியாமல் குரலால் தட்டிக்கொடுத்தாளே, அந்த ராகத்தில் தொடங்கியது என்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது பேன் கட்சி. குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்துத்தான் உறவு வளர்க்கின்றன. கூட்டம் பெரிதானபோது எல்லார் தலையையும் பார்க்க நேரம் போதவில்லை. அதனால் கைக்குப் பதிலாக வாயால் தடவிக் கொடுக்கத் தொடங்கியது மனித இனம். அதன் பெயர் வம்பு. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் குழாயடியில் நான்கு பெண்கள் ஒருத்தி தலையை ஒருத்தி பிடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம். அங்கே இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன.

கடைசியாக ஒன்று. மனிதன் முதலில் வாயால் பேசவில்லை, கையால் பேசினான். முதலில் கை, பிறகுதான் வாய். கை கருவி பிடிக்கப் போனபோது, அல்லது இருட்டில் கை தெரியாதபோது, வேலை வாய்க்கு மாறியது. குர்லாவுக்கும் செம்பூருக்கும் நடுவே இதைப் படித்துக்கொண்டிருந்தவன் புத்தகத்தைக் கீழே இறக்கினேன். எங்கள் வீட்டுக்குள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு எழுதியதுபோல் இருந்தது.

என் அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அப்பா தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தார். லேபர் கேம்ப்பில் ஒரே அறை, மேலே ஒரு பரண். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் சனம் எல்லாரும் சத்தமாகப் பேசுகிறவர்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் ஒருத்தி சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குப் பேச்சு வந்தபோது அவளுக்கும் ஏதோ வந்தது. யார் தொடங்கினோம் என்று தெரியாது. மூக்கைப் பொத்தினால் அப்பா. அவர் மேல் வரும் தோல் நாற்றம். காதைத் திருகினால் அம்மா. அவள் எங்களுக்குச் செய்வது அதுதான். வயிற்றைத் தள்ளிக்காட்டினால் போலீஸ். கன்னத்தில் கைவைத்து ஒருமுறை கண்மூடினால் நாளைக்கு. இரண்டுமுறை மூடினால் நாளை மறுநாள்.

நாளாக நாளாக இது சுருங்கியது. மூக்கைப் பொத்துவது போய், விரலால் மூக்கு நுனியை ஒரு தட்டு தட்டினால் அப்பா. யாராவது புதிதாகப் பார்த்தால் அதில் நாற்றமே தெரியாது. படம் தேய்ந்து சொல்லாவது இப்படித்தான் என்று புத்தகத்தில் இருக்கிறது. அதோடு வரிசையும் வந்துவிட்டது. யார் என்பது முதலில், என்ன செய்தார் என்பது கடைசியில். யாரும் இலக்கணம் சொல்லித்தரவில்லை. ஒரு அறையில், ஒரு பரணுக்குக் கீழே, இரண்டு பிள்ளைகள் ஒரு மொழியை உண்டாக்கியிருந்தோம். அம்மாவுக்கு அதில் கால்வாசி தெரியும். அப்பாவுக்கு ‘சாப்பாடு’ மட்டும்.

ஆக, அவளுக்கு நான்தான் வாய். ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், பக்கத்து வீட்டுச் சண்டையில். அந்த அதிகாரத்தை நான் எப்படியெல்லாம் அனுபவித்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். மிட்டாய்க்கடையில், “அக்கா இன்னும் ரெண்டு கேக்கா” என்பேன். பாவம் என்று கொடுப்பார்கள். அக்கா கேட்டிருக்க மாட்டாள். ஒன்றுதான் அவள் கைக்குப் போகும்.

காது கேட்காத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது, பஸ்ஸில் போகலாம் என்று யாரோ வந்து அப்பாவிடம் சொன்னார்கள். அப்பா யோசித்துவிட்டு, “பொட்டப்புள்ள தனியா எப்படிப் போவும்? வீட்டுலதான் தம்பி இருக்கான்லா” என்றார். அந்தத் ‘தம்பி இருக்கான்லா’வைக் கேட்டு நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டதை இப்போது நினைத்தால் எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் என்றிருக்கிறது. எனக்குக் கொஞ்சம் குறைவாகச் சைகை தெரிந்திருந்தால் அவள் அந்தப் பஸ்ஸில் ஏறியிருப்பாள்.

அவள் பஸ்ஸில் ஏறவில்லை, ரயிலில் ஏறினாள். முப்பத்திரண்டு வயதில், அந்தேரிப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் செக்கிங் வேலை கிடைத்தது. மாகிமில் ஏற வேண்டும். பெண்கள் பெட்டிக் கூட்டத்துக்குப் பயந்து அம்மா அவளுக்கு ஊனமுற்றோர் பெட்டிக்கான சான்றிதழ் வாங்கிக் கொடுத்தாள். பம்பாய் லோக்கலில் அந்தச் சின்ன ‘ஹேண்டிகேப் டப்பா’வில் தினம் ஏறுகிறவர்களுக்குத் தெரியும், அது பாதி நேரம் காது கேட்காதவர்களின் சட்டசபை. பத்துப் பேர் நின்றபடி கையால் பேசிக்கொண்டு வருவார்கள். ஸ்டேஷன் வந்ததும் இறங்காமல் பேச்சு முடியும்வரை போய்விட்டுத் திரும்பி வருகிறவர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தாதர் பிளாட்பாரத்தின் ஒரு கோடியில் கூடுவார்கள். அங்கே அக்காவுக்கு ஒரு மொழி கிடைத்தது. நாங்கள் பரணுக்குக் கீழே கட்டிய குடிசை மாதிரி இல்லை. ஊரெல்லாம் பேசுகிற, வாதாடுகிற, கதை சொல்கிற சைகை மொழி.

புதிய கைகளோடு வீட்டுக்கு வந்து எனக்குக் கற்றுத்தரப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே தப்புத்தப்பாகச் செய்து அவளைச் சிரிக்கவைத்தேன். நமக்குத்தான் நம்ம பாஷை இருக்கே, இது எதற்கு என்று காட்டினேன். இரண்டு மாதம் முயன்றாள், விட்டுவிட்டாள். எனக்குக் கல்யாணமாகிச் செம்பூர் வந்தேன். அப்பா போனார். சில வருடம் முன்பு அம்மாவும் போனாள். அக்கா அதே அறையில் தனியாக இருக்கிறாள். ஞாயிறு மதியம் நான் போவேன். மூக்குத் தட்டு, காதுத் திருகு, சாப்பாடு, நாளைக்கு. அவளும் அதிலேயே பதில் சொல்வாள். எங்கள் மொழி நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திரும்புவேன். பெரியவர்கள் மழலையோடு பேசும்போது மழலையாகவே பேசுவார்கள். எங்கள் இரண்டு பேரில் மழலை யார் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

கூட்டத்துக்கு இது பிரமாதமான சரக்கு. எல்லாக் கட்சியையும் பேசிவிட்டுக் கடைசியில் அக்காவை மேடையேற்றி, ‘இதோ, மொழி பிறந்ததற்கு உயிருள்ள சாட்சி’ என்று காட்டிவிட்டால் கைதட்டல் கூரையைத் தூக்கும். அவளிடம் போய்ச் சொன்னேன்: நாலு நாளைக்குப் பிறகு, நிறையப் பேர், மேலே ஏறி நான் பேசுவேன், நீயும். அவ்வளவுதான் சொன்னேன். உன்னைக் காட்சிக்கு வைக்கப் போகிறேன் என்று சொல்லவில்லை. அவள் நானா என்று நெஞ்சில் கைவைத்துக் கேட்டாள். நீதான் என்றேன்.

என் வீட்டுக்காரிக்கு இது பிடிக்கவில்லை. “மதினிய எதுக்கு அங்க கூட்டிட்டுப் போறிய? கொரங்கு வித்த காட்டவா?” என்றாள்.

“ஆராய்ச்சிடி,” என்றேன்.

“ஒங்க ஆராய்ச்சிய ஒங்கள வச்சுப் பண்ணுங்க. அதுக்கு ஒங்ககிட்டயே நெறைய விசயம் இருக்கு.”

அவள் சொன்னதை அன்றைக்கு ஜோக் என்று எடுத்துக்கொண்டேன்.

கூட்டத்தன்று அக்கா மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுச் சேலை உடுத்தி, முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். நான் பேசத் தொடங்கினேன். காக்கை போனது, ‘ஐயோ’ போனது, ‘ஹைசா’வில் குறிப்புத்தாளைத் திருப்பினால் அடுத்து ஆறாம் பக்கம் இருக்கிறது. நான்கும் ஐந்தும் இல்லை. பிறகு தெரிந்தது, அவை வீட்டில் பிரிட்ஜின் மேல் இருந்தன. தாலாட்டையும் பேனையும் விட்டுவிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு வந்தவன் இருபது நிமிடத்தில் கடைசிப் பக்கத்தில் நின்றேன். எதிரே ஓய்வு பெற்ற நாற்பது பேர். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். சீக்கிரம் முடிந்துவிடும் என்ற சந்தோஷமாகவும் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அக்காவைக் கைகாட்டி மேலே அழைத்தேன்.

“ஆதி மனிதன் எப்படிப் பேசினான்னு யாரும் பார்த்ததில்ல. நான் பார்த்திருக்கேன். எங்க வீட்டுலயே,” என்றேன். அவளிடம் திரும்பி மூக்கைத் தட்டினேன்: அப்பாவைச் சொல்லு.

அவள் அதைக் கவனிக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்று, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்து பேசத் தொடங்கினாள். அவளுடைய மொழியில். தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். கை எங்கேயும் தடுமாறவில்லை. நடுநடுவே நிறுத்தி என்னைப் பார்ப்பாள், நான் சொல்வதற்காக. காது கேட்காதவர்களின் கூட்டங்களில் அப்படித்தான் ஒருவர் பக்கத்தில் நின்று குரல் கொடுப்பாராம். என்னை அந்த இடத்தில் வைத்திருந்தாள்.

எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை.

‘புரியவில்லை’ என்று சொல்லியிருக்கலாம். இரண்டு விநாடி வேலை. ஆனால் நாற்பது பேர் என் வாயைப் பார்க்கிறார்கள், ஆதி மனிதன் பேசியதை நானே பார்த்திருக்கிறேன் என்று இப்போதுதான் முழங்கியிருக்கிறேன். முதல் நிறுத்தத்தில் அவள் என்னைக் காட்டி, இடுப்பளவில் கையை வைத்திருந்தாள். நான், “தம்பி அப்ப இத்தனூண்டு இருந்தான், இப்ப வயித்தப் பாருங்கன்னு சொல்றா” என்றேன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குச் சோடா மாதிரி இறங்கியது. இரண்டாவது நிறுத்தத்தில் கண்ணையும் கையையும் காட்டியிருந்தாள். “எங்க வீட்டு ஆளுங்க கத்துற கத்தல்ல காது இல்லாதது எவ்வளவு நிம்மதின்னு சொல்றா.” இன்னும் பெரிய சிரிப்பு. அவள் கூட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தொடர்ந்தாள். மூன்றாவது முறை நிறையப் பேசினாள். கடைசியில் இரண்டு உள்ளங்கைகளையும் என் பக்கம் நீட்டிப் புருவத்தை உயர்த்தி நின்றாள். அது கேள்வி என்பது மட்டும் புரிந்தது.

“தம்பிக்கு இன்னொரு ப்ளேட் கேசரி கொடுப்பீங்களான்னு கேக்கா,” என்றேன்.

கைதட்டல் கூரையைத் தூக்கியது. நான் அக்காவைப் பார்த்துப் பெரிதாகத் தலையாட்டி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். பிறகு இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினாள். காது கேட்காதவர்களின் கைதட்டல் அது. தலைவர் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். ஏழு நிமிடம் என்று செயலாளர் பிறகு சொன்னார். கூட்டத்திலேயே சிறந்த ஏழு நிமிடம் என்றும் சொன்னார். எனக்கு வயிற்றுவலி நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிறு மதியம் வழக்கம்போல் லேபர் கேம்ப்புக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்குமேல் வியர்க்க விறுவிறுக்க வந்தாள், நல்ல சேலையில். என்னைப் பார்த்துச் சற்று நின்றாள். நான் வயிற்றைத் தட்டி, பசி என்றேன். சோறு போட்டாள். அதற்கடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். நான்காவது வாரம் அவள் வீட்டில்தான் இருந்தாள், வீட்டுச் சேலையில். பேச்சு குறைந்துவிட்டது. சாப்பிடு, போதுமா, போ. வயசாகிறது, பிரஷர் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

மறு மாதம் செம்பூர் ஸ்டேஷன் மார்க்கெட்டில் வெண்டைக்காய் ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மாள் வந்து நின்றார். வட்டத்துக்கு எப்போதாவது வருகிறவர், பாலக்காட்டுக்காரர், வங்கியில் வேலை. எனக்கு அவர் முகம்தான் தெரியும்.

“சார், க்ளாஸெல்லாம் எப்படிப் போயிண்டிருக்கு?” என்று கேட்டார்.

எந்த க்ளாஸ் என்று கேட்டேன்.

“அதான், உங்க அக்கா கூப்பிட்டாளே. நீங்ககூட மேடையிலயே சரின்னேளே. என் ஆத்துக்காரருக்கும் காது கேக்காது. அதனால எனக்கு அந்தப் பாஷை நன்னா தெரியும். அன்னிக்கு நீங்க ஜோக்கா மாத்திச் சொன்னப்போ, சரி, சபைக்கு ஏத்த மாதிரி சொல்றேள், சொந்த விஷயத்தைச் சபையில சொல்ல வேண்டாம்னு பார்க்கறேள்னு நெனச்சுண்டேன்.”

வெண்டைக்காய்க்காரர் எவ்வளவு வேண்டும் என்று இந்தியில் கேட்டார். ஓரமாக வாருங்கள் என்று அந்த அம்மாளைக் கூப்பிட்டேன். அக்கா அன்று என்ன சொன்னாள் என்று கேட்டேன். எனக்கு அந்தப் பாஷை தெரியாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறியது. பிறகு சொன்னார்.

முதல் நிறுத்தம்வரை அக்கா சொன்னது இது. எனக்கு ஆறு வயதுவரை என்னோடு யாரும் பேசவில்லை. முதலில் பேசியவன் இவன். அப்போது இவனுக்கு மூன்று வயது. இரண்டாவது நிறுத்தம்வரை: இவன் என் வாய் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு வாய் வேண்டியிருக்கவில்லை, கை இருந்தது. அந்தக் கையைப் பார்க்க வீட்டில் இவனுடைய இரண்டு கண்தான் இருந்தது. அந்தக் கண்ணும் செம்பூர் போய்விட்டது. மூன்றாவது: எனக்கு ஐம்பத்தைந்து வயது. எனக்கு இப்போது நிறையச் சொல் தெரியும். ஆனால் என் தம்பியிடம் இன்னும் குழந்தையாட்டம் பேசுகிறேன். எங்கள் அம்மா செத்தபோது பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். அவள் என்ன செய்தாள், யாரைக் கேட்டாள் என்று இவனுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. எங்கள் குழந்தை மொழியில் அது அடங்காது. அதனால் உங்கள் எல்லார் முன்னாலும் கேட்கிறேன். தம்பி, ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தாதருக்கு வந்து இந்த மொழியைக் கற்றுக்கொள்வாயா?

“அப்போதான் நீங்க கட்டைவிரலைக் காட்டினேள்,” என்றார் அந்த அம்மாள்.

அம்மா இறந்த அன்று நான் ஆபீசில் இருந்தேன். வந்து அக்காவிடம் கேட்டேன். அவள் காதைத் திருகி, கன்னத்தில் கைவைத்துக் கண்ணை மூடி, திறக்காமல் இருந்தாள். அம்மா, தூங்கினாள், எழுந்திருக்கவில்லை. எங்கள் மொழியில் இருந்தது அவ்வளவுதான். நானும் அவ்வளவுதான் நடந்தது என்று இத்தனை வருடம் இருந்திருக்கிறேன்.

நான்கு புத்தகத்திலும் எல்லாக் கட்சியும் முதலில் பேசியவனைத்தான் தேடுகிறது. ஒருவனுடைய மூளையில் திடீரென்று ஏதோ மாறி மொழி வந்தது என்கிற கட்சியைப் படிக்கும்போது, அவன் யாரிடம் பேசினான் என்று கேட்டு ஓரத்தில் ஒரு ஜோக் எழுதி வைத்திருந்தேன். இரண்டாவது ஆள் வேண்டும். உட்கார்ந்து பார்த்து, புரியாவிட்டால் மறுபடி சொல் என்று கேட்கிற ஆள். மூன்று வயதில் நான் அந்த ஆளாக இருந்திருக்கிறேன். ஐம்பத்திரண்டில் கேசரி கேட்டிருக்கிறேன்.

அந்த ஞாயிறு பதினோரு மணிக்குத் தாதர் போனேன். பிளாட்பாரக் கோடியில், நடைபாலத்துக்குக் கீழே இருபது பேர் இருந்தார்கள். அக்கா யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். நான் அவளை அதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் குறுக்கே பேசினார், அவள் அவரை ஒரே கைவீச்சில் உட்காரவைத்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நான் ஓடிப்போய் மூக்கைத் தட்டி, காதைத் திருகி, நெஞ்சில் குத்திக்கொண்டு ஏதேதோ காட்டினேன். அவள் என்னைத் தோளைப் பிடித்து அழைத்துப்போய், கூட்டத்தின் ஓரத்தில், புதிதாக வந்த மூன்று பேருக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு அஞ்சல்துறைக்காரரிடம் விட்டுவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து பழைய மொழியில் அவள் பேசுவதில்லை. நான் அதில் சொன்னால் பார்த்துக்கொண்டு நிற்பாள். அதைப் பேச இப்போது உலகத்தில் நான் ஒருவன்தான். புதியதில் எனக்கு மூன்று வயதுக் குழந்தையின் அளவுக்குக்கூட வரவில்லை. விரல் விறைத்துப் போயிருக்கிறது. ‘தண்ணீர்’ சொல்ல வேண்டிய இடத்தில் வேறெதையோ சொன்னேன்; அஞ்சல்துறைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். யாராவது சிரிக்கட்டும் என்று நான் அதைச் செய்யவில்லை. எனக்கே புதிதாக இருந்தது.

நான்கு மாதம் கழித்து, சொல்ல வேண்டியதற்கான சைகைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, ஆபீஸ் கழிப்பறைக் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டேன். ஒரு ஞாயிறு கூட்டம் கலையும்போது அக்காவின் எதிரே போய் நின்றேன். அன்று மேடை. நீ பேசினாய். எனக்குப் புரியவில்லை. நான் பொய் சொன்னேன். இவ்வளவுதான், நான்கு துண்டு.

அவள் பதில் சொன்னாள். வேகமாக இருந்தது. நான் தலையாட்டவில்லை. மறுபடி என்றேன். மறுபடி சொன்னாள். மறுபடி என்றேன். ஒரு ஸ்லோ லோக்கல் வந்து நின்று, அவளுடைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அவள் ஏறவில்லை. நான்காவது முறை, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லாமல், அதே பேச்சை நிதானமாகச் சொன்னாள். தெரியும். அன்றைக்கே தெரியும். நீ பொய் சொல்லும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? யாராவது உன்னிடம் சொல்வார்கள், நீ வருவாய் என்று மூன்று ஞாயிறு நின்றேன்.

பிறகு ‘அம்மா?’ என்று கேட்டேன். புதிய மொழியில் அம்மாவுக்குக் காதைத் திருக வேண்டாம், வேறு சைகை. அதைச் சரியாகத்தான் செய்தேன். அவள் என் கைகளைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். இப்போது இல்லை என்றாள். அது நீளமானது, பாதியில் மறுபடி மறுபடி என்று நீ கேட்டால் என்னால் சொல்ல முடியாது என்றாள். இதை ஒரே தடவையில் புரிந்துகொண்டேன்.

அடுத்த ரயிலில் அவள் ஏறிக்கொண்டாள். அந்த ‘ஹேண்டிகேப் டப்பா’வில் நான் ஏற முடியாது. பாலத்துக்குக் கீழே அஞ்சல்துறைக்காரர் பையை மூடிக்கொண்டிருந்தார். இன்னும் பத்து நிமிடம் இருக்க முடியுமா என்று அவரிடம் போய்க் கேட்டேன்.